ஆயில் லைட் எரியுதா, புகை வருதா? பெரிய டூரிங் பைக்குகளில் என்ஜின் ஆயில் பிரச்னையைக் கண்டுபிடிப்பது எப்படி?

சென்னை, மதுரையில் இருந்து கன்னியாகுமரி நோக்கி நான்குவழிச்சாலையில் வரும் பைக் ரைடர்கள் பலர், நாங்குநேரியில் மேற்கே திரும்பி களக்காடு தலையணைக்கும் ஒரு ரவுண்டு வந்துவிட்டுப் போகிறார்கள். ஹிமாலயன், இன்டர்செப்டர் 650, பழைய புல்லட் என எல்லாமே பெரிய வண்டிகள். சென்னையில் இருந்து கிளம்பினால் களக்காடு வந்து சேர 600 கி.மீ.க்கு மேல் ஓட வேண்டும்.

இப்படி ஊர் விட்டு ஊர் வந்த இடத்தில் ஆயில் பிரச்னை வந்தால், "மெக்கானிக் கடை வரைக்கும் மெதுவா ஓட்டிடலாம்" என்றுதான் முதலில் தோன்றும். ஆனால், ஆயில் பிரஷர் இல்லாமல் ஓடும் அந்த சில கிலோமீட்டரே என்ஜினை ஜாம் ஆக்கப் போதும். சில நூறு ரூபாய் ஆயிலில் முடிய வேண்டிய வேலை, என்ஜினைப் பிரிக்கும் செலவில் போய் நிற்கும். அளவு, நிறம், புகை ஆகிய 3 விஷயங்களைச் சரியாகப் பார்க்கத் தெரிந்தால், வண்டியை ஓட்டலாமா, கூடாதா என்பதை ரோட்டோரத்திலேயே முடிவு செய்துவிடலாம்.

முதலில் அளவைச் சரியாகப் பாருங்க

"ஆயில் குறைஞ்சிடுச்சு" என்று பதறுபவர்களில் பலர், அளவைத் தவறாகப் பார்த்தவர்கள்தான். சைடு ஸ்டாண்டில் வண்டி இடப்பக்கம் சாயும். ராயல் என்ஃபீல்டின் பல மாடல்களில் ஆயில் பார்க்கும் கண்ணாடி வலப்பக்கம் இருக்கிறது. ஆயில் இடப்பக்கம் ஒதுங்குவதால் கண்ணாடி காலியாகத் தெரியும். வண்டியை நிறுத்திய உடனே பார்த்தாலும் இதே கதைதான். மேலே போன ஆயில் கீழே இறங்கி வரக் கொஞ்ச நேரம் ஆகும்.

சரியான முறை இதுதான்:

1. சமதளத்தில் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தணும். நடு ஸ்டாண்டு இல்லாத வண்டி என்றால், ஒருவர் நேராகப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் பார்க்கலாம்.
2. என்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு ஆஃப் செய்யணும்.
3. சில நிமிடம் காத்திருந்து கண்ணாடியைப் பார்க்கணும். மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவில் ஆயில் இருந்தால் போதும்.
4. குறைவாக இருந்தால் 100 மி.லி. ஊற்றி, மறுபடி பார்த்து, தேவைப்பட்டால் இன்னொரு 100 மி.லி. ஊற்றலாம்.

அதிகமாக ஊற்றுவதும் ஆபத்துதான். சுழலும் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும். மிச்ச ஆயில் பிரீதர் டியூப் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் போய்விடும். சர்வீஸ் முடித்த கையோடு ஏர் ஃபில்டர் பெட்டியில் இருந்து ஆயில் சொட்டினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

பழைய புல்லட் வச்சிருக்கீங்களா?

யுசிஇ என்ஜினுக்கு முந்தைய காஸ்ட் அயர்ன் புல்லட்டுகளின் கணக்கே வேற. அவற்றில் ஆயில் தனி அறையில் இருக்கும், பம்ப்தான் அதைச் சுற்றவிடும். பல வாரம் நிறுத்தி வைத்தால், ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் பகுதியில் தேங்கிவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயிலே இருக்காது. ஸ்டார்ட் செய்தால் குபுகுபுவென்று புகை வரும்.

ஆயில் காலி என்று நினைத்து மேலும் ஊற்றிவிடாதீங்க. வண்டியைச் சில நிமிடம் ஓடவிட்டால் பம்ப் அந்த ஆயிலைத் திரும்ப இழுத்துவிடும். அதற்குப் பிறகு அளவைப் பார்க்கணும்.

புகையின் நிறம் என்ன சொல்கிறது?

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். எப்போது வருகிறது என்பதைக் கவனித்தால் காரணமும் ஓரளவு தெரிந்துவிடும்.

• காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வந்து நின்றுவிட்டால்: வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். ஆயில் அளவைப் பார்த்துக்கொண்டே ஊர் போய்ச் சேரலாம்.
• ஆக்சிலேட்டரை முறுக்கும்போதெல்லாம் வந்தால்: பிஸ்டன் ரிங் அல்லது போர் தேய்மானமாக இருக்கலாம். இதைத் தள்ளிப்போடக் கூடாது.
• குளிர்ந்த காலையில் லேசான வெள்ளைப் புகை: வெறும் நீராவி. பயப்பட வேண்டாம்.
• ரேடியேட்டர் உள்ள வண்டியில் விடாமல் வெள்ளைப் புகை, கூலன்டும் குறைகிறது என்றால்: ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். வண்டியை ஓட்டாதீங்க.

ஆயிலின் நிறம், வாசனை

ஆயில் கறுப்பாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து பிரச்னை என்று சொல்ல முடியாது. அழுக்கை இழுத்து வைத்துக்கொள்வதும் அதன் வேலைதான். பெட்ரோல் வாசனை அடித்து, அளவும் கூடியிருந்தால் பெட்ரோல் கலந்திருக்கிறது. ஆயில் நீர்த்துப்போய் வழவழப்பை இழந்திருக்கும் என்பதால், காரணத்தைச் சரிசெய்து ஆயிலையும் மாற்றியே ஆகணும்.

டீ நிறத்தில் பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மழைக்காலத்தில் சின்னச் சின்னத் தூரம் மட்டும் ஓடும் வண்டியில், மூடிக்கு அடியில் கொஞ்சம் இப்படிப் படிவது உண்டு. ஒரு நீண்ட ஓட்டத்தில் அது போய்விடும். மொத்த ஆயிலும் அப்படி இருந்தால்தான் சிக்கல்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை நெல்லை, தூத்துக்குடி மக்கள் மறந்திருக்க முடியாது. தாமிரபரணி வெள்ளத்தில் வீட்டு வாசலில் நின்ற வண்டிகளும் மூழ்கின. இப்படி மூழ்கிய வண்டியை "ஓடுதான்னு பார்ப்போம்" என்று ஸ்டார்ட் செய்வதுதான் பெரிய தப்பு. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இப்படி ஸ்டார்ட் செய்ததால் வரும் சேதத்தை சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசியில் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி தண்ணீரை வெளியேற்றி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றணும். சில நிமிடம் ஓடவிட்டு, மறுபடியும் ஆயிலை மாற்றணும்.

எந்த ஆயில் ஊற்றணும்?

பைக்கில் ஒரே ஆயில்தான் என்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் (பழைய புல்லட் விதிவிலக்கு). அதனால் டப்பாவில் "ஜாசோ எம்ஏ" அல்லது "எம்ஏ2" என்று இருக்கிறதா பாருங்க. கார் ஆயில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்த்திருப்பார்கள். அது கிளட்ச்சை வழுக்கச் செய்யும். ஆர்பிஎம் ஏறுது, வேகம் ஏறலை என்றால், கடைசியாக என்ன ஆயில் ஊற்றினீங்க என்று யோசிங்க.

அடுத்தது கிரேடு. 411 சிசி ஹிமாலயனுக்கு 15டபிள்யூ-50, 650 சிசி வண்டிகளுக்கு 10டபிள்யூ-50 என ராயல் என்ஃபீல்டு சொல்கிறது. முதல் எண் குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதற்கு. இரண்டாவது எண் 100 டிகிரி சூட்டில் எவ்வளவு அடர்த்தியாக நிற்கும் என்பதற்கு. நம்ம ஊருக்கு முக்கியம் இரண்டாவது எண்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை காவல்கிணறு தாண்டி முப்பந்தல் பக்கம் போனால், ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்று முகத்தில் அறையும். அதே வேகத்தில் போக என்ஜின் கூடுதலாக உழைக்கும், சூடும் ஏறும். மெலிந்த ஆயில் அங்கே தாங்காது.

ஆயில் லைட் எரிந்தால் என்ன செய்யணும்?

சாவியைப் போடும்போது எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைவதுதான் சரி. ஓடும்போது எரிந்தால் கிளட்ச்சைப் பிடித்து, என்ஜினை உடனே ஆஃப் செய்து, ஓரங்கட்டுங்க.

அளவு குறைவாக இருந்தால் ஆயில் ஊற்றலாம். அவசரத்துக்கு வேறு பிராண்டு ஆனாலும் பரவாயில்லை, கிரேடும் ஜாசோ குறியீடும் ஒன்றாக இருக்கணும். ஊற்றிய பிறகு லைட் அணைந்தால், ட்ரெயின் போல்ட், ஃபில்டர் மூடி பக்கம் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

அளவு சரியாக இருந்தும் லைட் எரிந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது. வெறும் சென்சார் கோளாறாகவும் இருக்கலாம், பம்ப் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. ரோட்டில் நின்று அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு குட்டி யானையைப் பிடித்து வண்டியை ஏற்றி, நெல்லைக்கோ நாகர்கோவிலுக்கோ கொண்டுபோவதுதான் நல்லது.

பல வண்டிகளில் இந்த லைட்டே கிடையாது. அந்த வண்டிக்காரர்கள் நீண்ட பயணத்தில் தினமும் காலையில் ஒருமுறை கண்ணாடியைப் பார்ப்பது கட்டாயம்.

பழைய ஆயிலை என்ன செய்வது?

2016-ம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி, பயன்படுத்திய ஆயில் அபாயகரமான கழிவு. ரோட்டோரம் ஆயில் மாற்றினால், பழையதை டப்பாவில் பிடித்து சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்க. களக்காட்டில் வாய்க்கால் தண்ணீரை நம்பித்தான் வாழைத் தோட்டங்கள் இருக்கின்றன. அந்த வாய்க்காலில் ஊற்றிவிட்டுப் போகாதீங்க.