சாங்கிப் பெரும் பீரங்கிகள்: ஒரு பழங்கதையும் அதன் உண்மையும்

1942ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அந்த வீழ்ச்சியைப் பற்றி மாணவர்க்குக் கூறும்போது ஆசிரியர் பலர் மறவாமல் சேர்த்துக் கூறும் செய்தி ஒன்று உண்டு. ஆங்கிலேயர் நிறுவிய பெரும் பீரங்கிகள் தென்கடலையே பார்த்து நின்றன. பகைவரோ வடக்கே நிலவழியாக வந்தனர். பீரங்கிகளைத் திருப்ப இயலாமையால் நகரம் வீழ்ந்தது என்பர். வாசலுக்குக் காவல் வைத்துவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்ட வீட்டுக்காரன் கதைபோல இது கேட்பதற்குச் சுவையாக இருக்கிறது. சுவையாக இருப்பதனாலேயே எண்பது ஆண்டுக்கு மேலாகியும் அழியாமல் நிற்கிறது. ஆனால், நடந்தது வேறு.

சிங்கப்பூரின் வடகரையில் செம்பவாங்கில் கடற்படைத் தளம் ஒன்று அமைப்பது என்று பிரிட்டிஷ் அரசு முடிவு செய்தது 1921இல். அத்தளத்தைக் காப்பது எப்படி என்ற வழக்கு மட்டும் பத்தாண்டுக்கு மேல் நடந்தது. விமானங்களே போதும் என்றார் விமானப் படைத் தலைவர் டிரென்சார்டு. பீரங்கிகளே வேண்டும் என்றனர் மற்றவர். 1932இல் பீரங்கிகளின் பக்கமே தீர்ப்பாயிற்று. 1935இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாவையொட்டி ஜொகூர் சுல்தான் இப்ராகிம் 5 இலட்சம் பவுன் அன்பளிப்பாக வழங்கினார். அதன் பெரும்பகுதி சாங்கிப் பீரங்கிகளுக்குச் செலவாயிற்று. 'ஜொகூர் பீரங்கித் தளம்' என்ற பெயர் அதனால் வந்தது.

அங்கே நின்றவை மூன்று பீரங்கிகள். ஒவ்வொன்றின் குழல்வாயும் 15 அங்குலம். குழலின் நீளம் 54 அடி. எடை 100 டன். போர்க் கப்பல்களில் பொருத்தப்படும் அதே வகை. ஏறக்குறைய 1,900 இராத்தல் எடையுள்ள குண்டை 20 மைலுக்கு அப்பாலும் வீசும் ஆற்றல் அவற்றுக்கு இருந்தது. அத்தகைய குண்டைக் கையால் தூக்க முடியுமா? நிலத்தடியில் கிடங்கு அமைத்து, எந்திரங்களின் துணையால் மேலே ஏற்றினர். தீவின் மேற்குப் பக்கத்தில் புவன விஸ்தாத் தளத்தில் இதே வகையில் மேலும் இரண்டு இருந்தன.

இனி அந்தப் பழங்கதைக்கு வருவோம். புவன விஸ்தாப் பீரங்கிகள் நிலப்பக்கம் திரும்ப இயலாதவை என்பது மெய். சாங்கியின் மூன்றில் ஒன்றும் அப்படியே. மற்ற இரண்டும் திரும்பின; சுட்டும் இருக்கின்றன! ஜொகூர் பாருவில் திரண்ட ஜப்பானியர் மீதும், பின்னர்த் தெங்கா விமானத் தளத்தின் மீதும், புக்கித் தீமா மீதும் அவற்றின் குண்டுகள் விழுந்தன. ஜொகூர் மன்னர் கொடுத்த பொருளில் எழுந்த பீரங்கி ஜொகூர் மண்ணையே சுட நேர்ந்தது ஒரு விந்தை.

குறை குண்டில் இருந்தது. அங்கே அடுக்கி வைத்திருந்தவை கவசம் துளைக்கும் குண்டுகள். கப்பலின் தடித்த எஃகைத் துளைத்து உள்ளே சென்ற பிறகே வெடிக்கும்படி செய்தவை. அத்தகைய குண்டு நிலத்தில் விழுந்தால் ஆழப் புதைந்து, மண்ணை வாரி மேலே இறைக்கும். பரந்து நிற்கும் காலாட்படைக்கு அதனால் பெருந்தீங்கு இல்லை. அதற்கு வேண்டியது விழுந்தவுடன் வெடித்துச் சிதறும் குண்டு. 15 அங்குலப் பீரங்கிகளுக்கு அவ்வகைக் குண்டு இல்லை, 9.2 அங்குலப் பீரங்கிகளுக்கும் சிறிதளவே இருந்தது.

பீரங்கிகள் தம் கடமையில் தவறின என்று சொல்வதும் பொருந்தாது. கடல்வழியே வரும் பகையைத் தடுப்பதற்காக அவற்றை நிறுவினர். கடல்வழியே சிங்கப்பூரைத் தாக்க ஜப்பானியர் துணியவில்லை. 1941 டிசம்பர் 8ஆம் நாள் அவர்கள் கோத்தா பாருவில் இறங்கித் தீபகற்பம் முழுவதையும் கடந்து வந்தனர். இது யாரும் நினையாத வழியன்று. 1937இலேயே மலாயாப் படைத் தலைவர் டாபி, கிழக்குக் கரையில் பருவமழைக் காலத்திலும் பகைவர் இறங்கக் கூடும் என்று கணித்திருந்தார். அப்போது அவருக்குத் துணையாயிருந்த அதிகாரி பெர்சிவல். 1942இல் சரணடைந்த அதே பெர்சிவல்தான். நிலப்பக்க அரண்களுக்கு ஒதுக்கிய 60,000 பவுனில் 23,000 பவுனே செலவாயிற்று. சுல்தானின் அன்பளிப்போடு இத்தொகையை ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. 1941 டிசம்பர் இறுதியில் வடகரையில் அரண் எழுப்புமாறு பொறியாளர் சிம்சன் மன்றாடினார் என்றும், அப்படிச் செய்தால் மக்களும் படையும் மனந்தளரும் என்று பெர்சிவல் மறுத்துவிட்டார் என்றும் சிம்சனே பின்னாளில் எழுதியிருக்கிறார். 'பீரங்கி திரும்பவில்லை' என்று ஒரு வரியில் முடித்துவிட்டால் இத்தனை முடிவுகளும், முடிவு செய்தவர்களும் மறைந்துபோகின்றனர். பழி இரும்பின் மீது விழுகிறது.

1942 பெப்ரவரி 12ஆம் நாள், பகைவர் கைக்குப் போகாதபடி ஆங்கிலேயரே சாங்கிப் பீரங்கிகளைத் தகர்த்தனர். போருக்குப் பின் இரும்பு பழைய விலைக்குப் போயிற்று, கிடங்கும் மறந்துபோயிற்று. 1991இல்தான் சிறைத்துறையினர் அந்தச் சுரங்கங்களை மீண்டும் கண்டனர். 2002இல் அவ்விடம் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. செந்தோசாவின் மேல்முனையிலுள்ள சிலோசோக் கோட்டையில் பழைய பீரங்கிகளைக் காணலாம். 2022இல் அது தேசிய நினைவுச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. சாங்கியில் காஸ்ஃபர்டு சாலையோரம் நிற்பது அசலைப் பார்த்துச் செய்த மாதிரிப் பீரங்கி. அசலின் மிச்சம் அதன் அடியில், மண்ணுக்குள் இருக்கிறது.