மெட்டுக் குழாயும் விகாஸ் எஞ்சினும்

நம்ம போடியில் படித்தவர்களுக்கு மலையும் தண்ணீர்க் குழாயும் புதிதல்ல. லோயர் கேம்ப் பக்கம் போனால், பெரியாற்றுத் தண்ணீர் ராட்சசக் குழாய்களில் இறங்கி மின்சாரம் தருவதைப் பார்க்கலாம். போடிமெட்டுச் சரிவில் 500 மீட்டர் உயரத்திலிருந்து அப்படியொரு குழாய் போட்டால், அடிவாரத்தில் அழுத்தம் சுமார் 50 பார் இருக்கும்.

மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் விகாஸ் எஞ்சினின் எரி அறையில் அதைவிட அதிகம். எரிபொருள் அதை எதிர்த்து உள்ளே நுழைய வேண்டுமே! அதனால் பம்ப்பிலிருந்து வரும் குழாய்களில் அழுத்தம் இன்னும் கூடுதல். 1974-இல் பிரான்சுடன் ஒப்பந்தம். நம்பி நாராயணன் முதலிய நம்மவர்கள் அங்கே போய் வைகிங் எஞ்சின் வேலையைக் கற்றார்கள். 1985-இல் வெர்னானில் நம் எஞ்சின் சோதனையில் வென்றது.

10.7.2006 அன்று ஜி.எஸ்.எல்.வி.யின் நான்கு பக்கவாட்டு விகாஸ்களில் ஒன்று கிளம்பியதுமே செயலிழந்தது. இன்சாட்-4சி செயற்கைக்கோளோடு ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. காரணம், எரிபொருள் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு ரெகுலேட்டரில் தயாரிப்புப் பிழை. பரிசோதனையிலும் அது கண்ணில் படவில்லை. 2007 செப்டம்பரில் மீண்டும் பறந்தார்கள்.

தம்பி தங்கைகளே, லேபில் அளவெடுக்கும்போது மட்டும் "பரவாயில்லை, விடுப்பா" என்று சொல்லிவிடாதீர்கள்!