தாவரப் பீனால் சேர்மங்கள்: அளந்தறிந்த வரலாறு

பீனால் சேர்மங்கள் தாவரங்கள் ஆக்கிக்கொள்ளும் கரிமச் சேர்மங்களுள் மிகப் பெரிய குடும்பங்களில் ஒன்று. ஆறு கார்பன் அணுக்களால் ஆன பென்சீன் வளையமும், அதில் நேரடியாகப் பிணைந்த ஹைட்ராக்சில் தொகுதியும் இக்குடும்பத்தின் அடையாளம். இதுவரை 8,000-க்கும் மேற்பட்டவை அறியப்பட்டுள்ளன. கடுக்காயின் துவர்ப்பு, மஞ்சளின் நிறம், நாவற்பழம் தின்ற நாக்கின் ஊதா, வாழைக்காய் நறுக்கிய கையில் ஏறும் கறை ஆகிய எல்லாவற்றிலும் இவற்றின் பங்கு உண்டு.

மஞ்சள்தூளில் சுண்ணாம்பு நீர் பட்டதும் குங்குமச் சிவப்பாக மாறுவதை எல்லோரும் பார்த்திருப்போம். மஞ்சளிலுள்ள குர்க்குமின் ஒரு பீனால் சேர்மம். காரம் பட்டவுடன் அதன் ஹைட்ராக்சில் தொகுதி ஹைட்ரஜனை இழக்கிறது. சேர்மம் ஒளியை உறிஞ்சும் விதம் மாறி நிறமும் மாறுகிறது. காரத்தில் ஹைட்ரஜனை இழக்கும் இதே பண்புதான் பின்னாளில் பீனால்களை அளக்கும் முறைக்கும் அடிப்படையாயிற்று.

தாவரத்தில் பணி

இடம்விட்டு நகர முடியாத தாவரத்துக்கு இவை காப்பு. வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுப்பது, பூஞ்சையையும் பூச்சியையும் எதிர்ப்பது, பூவுக்கு நிறம் தந்து வண்டுகளை அழைப்பது ஆகியவை இவற்றின் பணிகள். மரத்துக்கு உறுதி தரும் லிக்னினும் பீனால்கள் உருவாகும் வழியிலேயே உருவாகிறது. பினைல்அலனின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து அம்மோனியாவை நீக்கி இந்த ஆக்கத்தைத் தொடங்கிவைக்கும் நொதியை 1961-இல் கூக்கால், கான் என்னும் இருவர் கண்டறிந்தனர்.

தோல் தொழிலில் தொடக்கம்

பீனால்களை அளக்க வேண்டிய தேவை முதலில் தோல் பதனிடும் தொழிலில்தான் எழுந்தது. பட்டையிலும் காயிலும் உள்ள டானின், தோலின் புரதத்தோடு பிணைந்து அதை அழுகாமல் காக்கிறது. தமிழகத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும், ஐரோப்பாவில் ஓக் மரப்பட்டையும் இதற்குப் பயன்பட்டன. எந்தப் பட்டையில் எவ்வளவு டானின் உள்ளது என்பதைப் பொறுத்தே அதன் விலை அமையும்.

1790-களில் பிரான்சின் அர்மான் செகான், டானின் சாற்றில் ஜெலட்டின் கரைசலைச் சேர்த்தால் வீழ்படிவு உண்டாவதைச் சோதனையாகப் பயன்படுத்தினார். ஹம்ப்ரி டேவி 1803-இல் வெளியிட்ட ஆய்வில் இவ்வழியே பல துவர்ப்புப் பொருள்களை எடைபோட்டு ஒப்பிட்டார். பம்பாயிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் சென்ற காசுக்கட்டி அவற்றுள் ஒன்று. நம் ஊர்களில் வெற்றிலையோடு மெல்லும் அந்தக் காசுக்கட்டி, ஓக் பட்டையைவிடப் பன்மடங்கு டானின் செறிந்தது என்று அவர் கண்டார்.

1877-இல் லோவன்டால் செம்மைப்படுத்திய முறையில் சாற்றுடன் அவுரிச் சாயத்தைக் கலந்து, பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். பீனால்களும் சாயமும் ஆக்சிஜனேற்றம் அடைந்து நீலம் மறையும்போது சோதனை முடியும். ஜெலட்டினால் டானினை நீக்கிய சாற்றிலும் இதையே செய்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு டானினின் அளவைத் தரும்.

சேர்மங்களை இனங்காணல்

அளவீடு ஒருபுறம் வளர, தனிச் சேர்மங்களை அறியும் முயற்சியும் நடந்தது. மாசிக்காயிலிருந்து காலிக் அமிலத்தை 1786-இல் ஷீல பிரித்தெடுத்தார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எமில் ஃபிஷர் டானின்களின் கட்டமைப்பை ஆராய்ந்தார். அவருடைய மாணவர் ஃபிராய்டன்பர்க் 1920-இல் டானின்களை நீரால் பகுபடுபவை, செறிந்தவை என இரண்டாக வகுத்தார். ஜப்பானின் மிச்சியோ சுஜிமுரா 1929-இல் பச்சைத் தேயிலையிலிருந்து கேட்டச்சின் என்னும் பீனால் சேர்மத்தைப் பிரித்தார்.

இத்துறையில் தமிழ்நாட்டில் பிறந்த இருவரின் பங்கு பெரிது. குளித்தலையில் பிறந்த டி. ஆர். சேஷாத்திரி, ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் டெல்லிப் பல்கலைக்கழகத்திலும் இந்தியத் தாவரங்களில் உள்ள ஃபிளாவனாய்டுகள் என்னும் பீனால் வகையை ஆராயும் மரபை உருவாக்கினார். சென்னையில் பிறந்த கே. வெங்கட்ராமனின் பெயர், ஃபிளாவனாய்டுகளில் ஒரு பிரிவான ஃபிளாவோன்களைத் தொகுக்கப் பயன்படும் 'பேக்கர்-வெங்கட்ராமன் மாற்றம்' என்னும் வினையில் நிலைத்திருக்கிறது.

நீல நிறச் சோதனை

இன்று உலகெங்கும் கையாளப்படும் முறை மருத்துவ வேதியியலிலிருந்து வந்தது. ஹார்வர்டில் பணியாற்றிய ஆட்டோ ஃபோலின், வில்லி டெனிஸ் என்ற பெண் வேதியியலாளருடன் சேர்ந்து 1912-இல் டங்ஸ்டனும் மாலிப்டினமும் கொண்ட நிறக் காரணி ஒன்றை உருவாக்கினார். அவர்கள் நாடியது சிறுநீரிலும் புரதத்திலும் உள்ள பொருள்களை அளக்கும் வழி. 1927-இல் ஃபோலினும் ருமேனியரான சியோகால்டியூவும் அந்தக் காரணியில் லித்தியம் உப்பைச் சேர்த்து, வீழ்படிவு தோன்றிச் சோதனையைக் கெடுப்பதைத் தவிர்த்தனர்.

1965-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் சிங்கிள்டன், ராசி இருவரும் திராட்சை மதுவின் பீனால்களை அளக்க இந்தக் காரணியைச் சீர்ப்படுத்தினர். தூய்மையாகவும் மலிவாகவும் கிடைக்கும் காலிக் அமிலத்தை ஒப்பீட்டுப் பொருளாக்கினர். 'காலிக் அமிலச் சமானம்' என்று ஆய்வுகளில் எழுதப்படும் அலகு இவ்வாறு நிலைபெற்றது.

தேயிலைக்கு 2005-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 14502-1 தரமுறை, இச்சோதனையின் செயல்பாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. பொடித்த தேயிலையில் 0.2 கிராம் எடுத்து, 70 டிகிரி வெப்பத்தில் 70 சதவீத மெத்தனாலால் சாறு இறக்குகிறார்கள். நீர்த்த சாறு 1 மில்லி லிட்டருடன் மஞ்சள் நிறக் காரணி 5 மில்லி லிட்டரும், சில நிமிடங்களில் சோடியம் கார்பனேட் கரைசல் 4 மில்லி லிட்டரும் சேர்க்கப்படும். காரத்தில் பீனால் ஹைட்ரஜனை இழந்து மாலிப்டினத்துக்கு எலக்ட்ரானைத் தர, குழாயில் நீலம் படர்கிறது. ஒரு மணி நேரம் கழித்து, 765 நானோமீட்டரில் ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கிறார்கள். காரணி பளிச்சென்ற மஞ்சளாக இருக்க வேண்டும். பச்சைச் சாயல் தட்டினால் அது கெட்டுவிட்டது என்று பொருள்.

அளவின் எல்லை

இந்தக் காரணி எலக்ட்ரான் தரும் எதனோடும் வினைபுரியும். வைட்டமின் சி, ஒடுக்கும் சர்க்கரைகள், டைரோசின், மதுவில் சேர்க்கும் சல்ஃபர் டை ஆக்சைடு எல்லாம் நீலத்தைக் கூட்டும். நெல்லிக்காய்ச் சாற்றில் கிடைக்கும் எண்ணில் அதன் டானினோடு வைட்டமின் சி-யும் கலந்திருக்கும். பீனால்களுக்குள்ளும் ஒவ்வொன்றும் தரும் நீலத்தின் செறிவு வேறு.

எனவே தனிச் சேர்மங்களைப் பிரித்துக் காண நிறப்பிரிகை தேவைப்பட்டது. 1940-களில் உருவான தாள் நிறப்பிரிகையைக் கொண்டு பேட்-ஸ்மித் பூவிதழ்களின் நிறமிகளைப் பிரித்துக் காட்டினார். 1970-களுக்குப் பின் பரவிய உயர்திறன் திரவ நிறப்பிரிகை ஒவ்வொரு சேர்மத்தையும் பெயர் சொல்லி அளக்கிறது. தேயிலைக் கேட்டச்சின்களுக்கு உரிய ஐ.எஸ்.ஓ. தரமுறையின் இரண்டாம் பகுதி இதையே பயன்படுத்துகிறது.

சோதனைக் குழாயில் கிடைத்த எண் உடல்நலத்தின் அளவுகோல் ஆகாது. உணவுகளின் ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறனைப் பட்டியலிட்ட தரவுத்தளத்தை, வணிகர்கள் தவறாகப் பயன்படுத்துவதைக் காரணம் காட்டி அமெரிக்க வேளாண்துறை 2012-இல் திரும்பப் பெற்றது. 'மொத்தப் பீனால்' என்று ஓர் எண்ணைக் காணும்போது சாறெடுத்த கரைப்பான், சோதனை முறை, ஒப்பீட்டுப் பொருள் ஆகிய மூன்றையும் தேடிப் பார்க்க வேண்டும். இம்மூன்றும் ஒத்திருந்தால்தான் ஓர் எண்ணை மற்றோர் எண்ணோடு ஒப்பிட முடியும்.