மார்ஷல் தீவுகள்: அணுகுண்டுச் சோதனையும் அமெரிக்கா தரும் மருத்துவமும்

பசிபிக் பெருங்கடலில் ஹவாய்க்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே சிதறிக் கிடக்கும் பவழத் தீவுகள்தான் மார்ஷல் தீவுகள். 1947இல் ஐ.நா. சபை இவற்றைப் பராமரிக்கும் பொறுப்பை அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. அந்த அமெரிக்காதான் 1946 முதல் 1958 வரை பிகினி, எனிவெட்டாக் பகுதிகளில் 67 அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தது.

பாதிக்கப்பட்டவர்களுக்கு அமெரிக்கா வைத்தியம் பார்க்கிறதே என்று சிலர் கேட்கலாம். பார்க்கிறது, உண்மைதான். ஆனால் யாருக்கு என்று பார்க்க வேண்டும்.

1954 மார்ச் 1 அன்று பிகினியில் வெடித்த 'பிராவோ' குண்டின் வலிமை 15 மெகா டன். ஹிரோஷிமாவில் போடப்பட்டதைப்போல சுமார் ஆயிரம் மடங்கு. ரோங்லாப் தீவில் வெள்ளைச் சாம்பல் மழையாகக் கொட்டியது. அது இன்னதென்று தெரியாமல் பிள்ளைகள் அதில் விளையாடினார்கள். பக்கத்து ரோங்கெரிக் தீவில் இருந்த 28 அமெரிக்கர்களை மறுநாளே அழைத்துச் சென்றுவிட்டார்கள். ரோங்லாப் மக்களுக்குக் கப்பல் வந்தது மூன்றாம் நாள். உட்ரிக் மக்களுக்கு அதற்கும் மறுநாள். அதற்குள் வாந்தியும் தோல் எரிச்சலும் தொடங்கிவிட்டிருந்தன, தோல் புண்ணும் முடி கொட்டுவதும் தொடங்கியது அதன் பிறகு.

இவர்களைக் கவனிக்க வந்த மருத்துவக் குழுவின் வேலைக்கு வைத்த பெயர் 'திட்டம் 4.1'. கதிர்வீச்சு மனித உடலை என்ன செய்கிறது என்று ஆராய்வதும் அதன் நோக்கம். 1957இல் ரோங்லாப் மக்களை மாசு நீங்காத அதே மண்ணுக்குத் திருப்பி அனுப்பினார்கள். புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தின் மருத்துவர்கள் ஆண்டுதோறும் வந்து இரத்தமும் சிறுநீரும் எடுத்துச் சென்றார்கள். நோயாளியா, ஆய்வுப் பொருளா என்ற சந்தேகம் அம்மக்களுக்கு அப்போதே வந்துவிட்டது. அதைத் தவறென்று நம்மால் சொல்ல முடியவில்லை.

1963இல் பிள்ளைகளின் கழுத்தில் தைராய்டு கட்டிகள் தென்பட்டன. சாம்பலில் இருந்த கதிரியக்க அயோடினைத் தைராய்டு சுரப்பி இழுத்துக்கொள்ளும். சிறு பிள்ளைகளின் சுரப்பி சிறியது என்பதால் பாதிப்பு பல மடங்கு. சம்பவத்தின்போது பத்து வயதுக்குக் கீழ் இருந்த ரோங்லாப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இந்தக் கோளாறு வந்தது. தைராக்சின் மாத்திரையும், தேவைப்பட்டோருக்கு அமெரிக்காவில் அறுவை சிகிச்சையும் கிடைத்தன. அன்று ஒரு வயதுக் குழந்தையாக இருந்தவர் 1972இல், 19 வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். 1985இல் ரோங்லாப் மக்கள் அனைவரும் தீவைக் காலி செய்து கிளம்பிவிட்டார்கள். ஏற்றிச் சென்றது அரசுக் கப்பலல்ல, கிரீன்பீஸ் அமைப்பின் 'ரெயின்போ வாரியர்'.

1986 ஒப்பந்தத்துக்குப் பின் இரண்டு மருத்துவத் திட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. முதலாவது, அமெரிக்க எரிசக்தித் துறையுடையது. பிராவோ வெடித்தபோது ரோங்லாப், உட்ரிக் பகுதிகளில் இருந்தவர்களுக்கும், அப்போது கருவில் இருந்தவர்களுக்கும் மட்டுமே இதில் இடம். ஆண்டுப் பரிசோதனையும் புற்றுநோய்ச் சிகிச்சையும் உண்டு, தேவையானால் ஹவாய்க்கும் அனுப்புவார்கள். பின்னால் பிறந்த பிள்ளைகள் பட்டியலில் இல்லை. ஒவ்வொரு மரணத்தோடும் பட்டியல் சுருங்குகிறது.

இரண்டாவது '177 திட்டம்'. பிகினி, எனிவெட்டாக், ரோங்லாப், உட்ரிக் ஆகிய நான்கு பகுதி மக்களுக்கானது. ஆண்டுக்கு 20 லட்சம் டாலர் என்று தொகையை நிர்ணயித்துவிட்டார்கள். பேரன் பேத்திகளும் சேர ஆள் பெருகியது, தொகை பெருகவில்லை.

இழப்பீட்டுக்கென அமைந்த அணுசக்தி உரிமைகோரல் தீர்ப்பாயமோ, சோதனைக் காலத்தில் மார்ஷல் தீவுகளில் எங்கு வசித்தவரும் விண்ணப்பிக்கலாம் என்றது. அந்தத் தீர்ப்பாயம் 200 கோடி டாலருக்கும் மேல் வழங்கத் தீர்ப்பளித்தது. அமெரிக்கா வைத்த நிதியோ 15 கோடி, அதுவும் கரைந்துவிட்டது. முழுத் தொகை கைக்கு வராமலே பலர் இறந்துபோனார்கள்.

வைத்தியமும் பிழைப்பும் தேடி ஏராளமானோர் ஹவாய்க்கும் அர்கன்சாவுக்கும் குடிபெயர்ந்தார்கள். அமெரிக்காவில் வசிக்க விசா தேவையில்லை என்று அதே ஒப்பந்தம் அனுமதித்திருந்தது. ஆனால் 1996இல் வந்த ஒரு சட்டத் திருத்தம், ஏழைகளுக்கான 'மெடிக்கெய்ட்' மருத்துவ உதவியிலிருந்து இவர்களை வெளியேற்றிவிட்டது. அந்த உரிமை மீண்டும் கிடைத்தது 24 ஆண்டுகள் கழித்து, 2020 டிசம்பரில்.