மாதுங்காவில் ஒரு வாடகை வீடு

வாடகை வீட்டுக்கும் வரலாறு உண்டு. மும்பை பம்பாயாக இருந்த நாளில், 1896ஆம் ஆண்டு பரவிய பிளேக் நோய், காற்றும் வெளிச்சமும் இல்லாக் குடியிருப்புகளின் கொடுமையை ஆட்சியாளர்க்கு உணர்த்திற்று. அதன் பயனாக 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் தோன்றியது. தாதர், மாதுங்கா பகுதிகளில் அது வகுத்த மனைகளில் பின்னாளில் மாடி வீடுகள் எழுந்தன. சால்களில் ஓர் அறையையும் பொதுக் கழிப்பறையையுமே கண்டவர்க்கு, எல்லாம் உள்ளடங்கிய 'பிளாட்' புதுமையாக இருந்தது. அலுவலக வேலை நாடி வந்த தமிழரும், குஜராத்தியரும், மராட்டியரும் அங்கே அண்டை வீட்டாராயினர்.

1947ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், 1940 செப்டம்பரில் நிலவிய வாடகையையே அளவுகோலாக்கியது. உள்ளே இருந்தவர்க்கு அஃது அரண். புதிதாய் வந்தவர்க்கோ 'பகடி' என்னும் பெருந்தொகை மதிலாயிற்று. 1999ஆம் ஆண்டுச் சட்டம் அத்தொகையையும் முறையாக்கிவிட்டது.

மாற்றல் ஆணையும் ஒரு டிரங்குப் பெட்டியுமாக வந்திறங்கிய நமக்கு அம்மதிலில் வாயில் திறந்தது எது? "இவரை நாமறிவோம்" என்று முன்னே வந்தவர் தந்த வாய்ச்சொல்லே அன்றோ!

இன்று நம்மிற் சிலர் வீட்டுக்கு உரியவர். வாடகை கேட்டு வருபவரிடம் ஊரும் சாதியும் உணவும் வினவிக் கதவடைக்கிறோமா? அவ்வினாக்களுக்கு முன் நாம் கூனி நின்ற நாளை மறத்தல் தகுமோ? வாங்கிய வாய்ச்சொல்லைத் திருப்பித் தருவோம். அதுவே நாம் செலுத்த வேண்டிய வாடகைப் பாக்கி.