யாருடைய சண்டை? சண்டைக் கலைகளும் ஒடுக்கப்பட்டோர் வரலாறும்



சண்டைக் கலைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் வழக்கமாக இரண்டு கேள்விகள் எழும். எது வலியது? எது பழையது? களரியா கராத்தேவா என்று இளைஞர்கள் வாதாடுவார்கள். சிலம்பத்தின் வயது எத்தனை ஆயிரம் ஆண்டு என்று மேடைகளில் பெருமை பேசுவார்கள். அவ்விரண்டையும் ஒதுக்கிவைத்துவிட்டு இங்கே வேறொரு கேள்வியை எடுத்துக்கொள்கிறோம். அந்தக் கலைகளைக் கற்றவர்கள் யாருடைய சண்டையைப் போட்டார்கள்?

சாதி மனத்தில் மட்டும் குடியிருப்பதில்லை. அது உடல்மீது போடப்பட்ட உத்தரவு. எந்தத் தெருவில் நடக்கலாம், தோளில் துண்டு போடலாமா, காலில் செருப்பு அணியலாமா, எதிரே வருபவரிடமிருந்து எத்தனை அடி விலக வேண்டும் என்றெல்லாம் அது விதித்தது. யார் கையில் ஆயுதம் இருக்கலாம் என்பதும் அவ்விதிகளுள் ஒன்று. ஆகவே ஒடுக்கப்பட்டோர் ஏன் சண்டை பழகினார்கள் என்று கேட்பது, தம் உடலை அவர்கள் எப்படித் தம்முடையதாக மீட்டார்கள் என்று கேட்பதாகும்.

வாளும் கம்பும்

முதலில் கலைகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். வட கேரளத்துக் களரி, நிலத்தைத் தாழ்த்தித் தோண்டி, 42 அடி நீளமும் 21 அடி அகலமுமாக அமைக்கப்படுவது. உடற்பயிற்சியில் தொடங்கிக் கம்பு, அதன்பின் வாள், கேடயம், உருமி என்று படிப்படியாகப் போய் வெறுங்கையில் முடியும். உடல் தாழ்ந்து பதுங்கும், பின் பாயும். இந்தப் பயிற்சிக்கு இடம் வேண்டும், எண்ணெய் வேண்டும், ஆயுதம் வேண்டும், பல ஆண்டுக் காலம் வேண்டும். அதாவது ஒரு புரவலர் வேண்டும்.

தென் திருவிதாங்கூரிலும் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலும் வழங்கும் அடிமுறைக்கு வெட்டவெளியே போதும். நிமிர்ந்து நின்று, காலடி மாற்றி, கையால் தடுத்து, அதே வேகத்தில் திருப்பி அடிப்பது அதன் இயல்பு. வர்ம அறிவு அதனோடு சேர்ந்தே வரும். அடித்த ஆசானே வைத்தியமும் செய்வார்.

சிலம்பத்துக்கு ஒரு மூங்கில் கம்பு போதும். கம்பைச் சுழற்றித் தன்னைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, எதிராளியை அந்த வட்டத்துக்கு வெளியே நிறுத்துவதே அதன் அடிப்படை. பலர் சூழ்ந்தாலும் ஒருவர் தப்பி வெளியேற வழிசெய்யும் கலை இது. வாளுக்கு இரும்பும் கொல்லரும் அதிகாரத்தின் சம்மதமும் தேவை. கம்போ மாடு மேய்க்கவும் வயல் காக்கவும் இருட்டில் நடக்கவும் உழைக்கும் மக்கள் கையில் எப்போதும் இருப்பது. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியர்கள் ஆயுதம் வைத்திருக்க உரிமம் வேண்டும் என்றது. அதற்குப் பிறகும் உழைப்பவர்களிடம் மிஞ்சியது கம்புதான்.

இப்படிப் பார்த்தால், ஒரு கலை குனிகிறதா நிமிர்கிறதா, வாளெடுக்கிறதா கம்பெடுக்கிறதா என்பதில் பழகியவர்களின் சமூக நிலைக்கும் பங்கிருப்பது தெரியும்.

கடன் கொடுத்த வீரம்

திறமை இருந்தால் மரியாதை தானாக வரும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். வடக்கன் பாட்டுகள் சொல்லும் ஆரோமல் சேகவரின் கதை அந்த நம்பிக்கையை உலுக்குகிறது. அவர் தீயர். தீண்டாமையின் தூரக் கணக்கில் கீழே வைக்கப்பட்ட சமூகம் அது. மேல்சாதிக் குடும்பம் ஒன்றில் அண்ணன் தம்பிக்குள் வாரிசுத் தகராறு. அதைத் தீர்க்க இரு தரப்பும் ஆளுக்கொரு சேகவரை அங்கத்தட்டில் ஏற்றுகின்றன. தகராறு ஒரு வீட்டாருடையது. ரத்தம் வேறு வீட்டாருடையது. ஆரோமல் வெல்கிறார், ஆனால் வஞ்சகத்தால் சாகிறார். பாட்டு அவர் புகழைக் காத்தது. அவர் மக்கள் விலக வேண்டிய தூரம் ஓர் அடிகூடக் குறையவில்லை.

கம்பெனிப் படையிலும் இதே கணக்குதான். 1818 ஜனவரி 1 அன்று பீமா கோரேகானில் பேஷ்வாவின் படையை எதிர்த்து நின்ற கம்பெனி வீரர்களில் மகர்கள் கணிசமாக இருந்தார்கள். அங்குள்ள நினைவுத்தூணில் அவர்கள் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சென்னைப் படையில் பறையர்கள் சேர்க்கப்பட்டார்கள். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், சில இனங்களே போருக்குப் பிறந்தவை என்ற கோட்பாட்டை ஆங்கிலேயர் உயர்த்திப் பிடித்தார்கள். சென்னைப் படையின் தளபதியாக இருந்து, பிறகு 1885 முதல் 1893 வரை இந்தியத் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் அதன் முக்கிய ஆதரவாளர். 1890களின் தொடக்கத்தில் மகர்களுக்குப் படையின் கதவு மூடப்பட்டது. முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது, 1917இல், 111ஆம் மகர் படைப்பிரிவு அமைக்கப்பட்டது. போர் முடிந்த சில ஆண்டுகளில் அதுவும் கலைக்கப்பட்டது. அடுத்த போர் வந்த பிறகே, 1941இல், மகர் ரெஜிமென்ட் உருவானது. தேவைப்படும்போது வீரர், தேவை முடிந்ததும் தீண்டத்தகாதவர்.

படை நமக்குத் தந்ததில் நிலைத்தது துப்பாக்கியைவிடப் பள்ளிக்கூடம்தான். அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் சுபேதார். படைப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். அந்த வீட்டிலிருந்துதான் நம் சட்ட மேதை வந்தார்.

கடல் கடந்த சாட்சி

சாதியின் இடத்தில் அடிமைமுறை இருந்த பிரேசிலிலும் இதைக் காணலாம். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் வளர்த்த கலை கபோய்ரா. ஒற்றைத் தந்தி வில்லின் இசைக்கு, வட்டத்துக்குள் இருவர் ஆடியபடியே காலால் உதைப்பார்கள், உதைக்கு வளைந்து நழுவுவார்கள். கம்பு வட்டம் எதிராளியைத் தள்ளி நிறுத்துகிறது. கபோய்ரா வட்டம் அவரை அருகிலேயே வைத்துக்கொண்டு ஏமாற்றுகிறது. 

1888இல் அங்கே அடிமைமுறை ஒழிந்தது. இரண்டே ஆண்டுகளில், 1890 குற்றவியல் சட்டம் தெருவில் கபோய்ரா ஆடுவதைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. விடுதலையான கறுப்பு உடலைக் கண்டு அரசுக்கு அவ்வளவு அச்சம். அதற்கு முன்பு ரியோ நகரத்துக் கபோய்ராக் குழுக்களைத் தேர்தல் அடியாட்களாகப் பயன்படுத்தியவர்களும் அதே ஆளும் வர்க்க அரசியல்வாதிகள்தான். மெஸ்த்ரே பிம்பா 1932இல் சால்வடோரில் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். 1937இல் அதற்கு அரசு ஏற்பு கிடைத்தது. 2014இல் யுனெஸ்கோ அக்கலையை மானுட மரபாக அறிவித்தது. ஆனால் 1941இல் பழைய முறைக்குப் பள்ளி நிறுவிய மெஸ்த்ரே பாஸ்தின்யா, தம் பள்ளியின் கட்டடத்தை இழந்து, பார்வையும் இழந்து, 1981இல் வறுமையில் இறந்தார். கலை மரபாகிவிட்டது. ஆசானைக் கவனிக்க ஆளில்லை. பறையிசையின் கதையை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தனக்கான சண்டை

தன் சண்டையைத் தானே போட்டவர்களும் உண்டு. 1863இல் திருவனந்தபுரம் அருகே வெங்கானூரில் புலையர் குடும்பத்தில் பிறந்த அய்யன்காளி இளமையிலேயே அடிதடி முறைகளைக் கற்றார். தம் இளைஞர்களுக்கும் பயிற்சி அளித்து ஒரு படையைத் திரட்டினார். 1893இல், புலையர் நடக்கக்கூடாத பொதுச் சாலையில், தலைப்பாகை கட்டி வில்வண்டி ஓட்டிச் சென்றார். மறித்தவர்களை எதிர்த்து நின்றார். 1898இல் பாலராமபுரம் சாலியர் தெருவில் தாக்கப்பட்டபோது அவருடைய ஆட்கள் திருப்பி அடித்தார்கள்.

இங்கே கலையின் நோக்கம் எவ்வளவு எளிமையானது பாருங்கள். சாலையில் நடக்க வேண்டும். அரியணையோ ஆண்ட பரம்பரைப் பட்டமோ அவர் கேட்கவில்லை. சாலையில் நடந்த கால்கள் அடுத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போயின. 1907இல் சாது ஜன பரிபாலன சங்கம் தொடங்கப்பட்டது. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்தபோது வயலில் இறங்க மாட்டோம் என்று உழைப்பாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடி, சங்கம், வேலைநிறுத்தம், கல்வி என்று அந்தப் போராட்டம் வளர்ந்தது. 1920களில் அண்ணல் உருவாக்கிய சமதா சைனிக் தளமும் இந்த வழியில் வந்ததே. கூட்டங்களையும் ஊர்வலங்களையும் காக்கும் ஒழுங்கான தொண்டர் படை அது.

நம் முன் உள்ளது

இன்று நம் தெருக்களில் சிலம்பமும் கராத்தேவும் குத்துச்சண்டையும் பழகும் பிள்ளைகள் பெருகியிருக்கிறார்கள். பெண் பிள்ளைகளும் வருகிறார்கள். இது நல்லது. அச்சம் முதலில் குடியேறுவது முதுகில்தான். பயிற்சி முதுகை நிமிர்த்துகிறது.

ஆனால் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று, நாங்களும் ஆண்ட பரம்பரை, போர்க்குடி என்ற பெருமை. யார் போர்க்குடி என்று பட்டியல் போட்டவர்களே நம்மைப் பட்டியலிலிருந்து நீக்கியவர்கள். அந்தப் பட்டியலில் மறுபடி இடம் கேட்பது அதை ஏற்பதாகிவிடும். மற்றொன்று, திடமான நம் இளைஞர்களைத் தேடி வரும் கட்சிக்காரரும் கந்துவட்டிக்காரரும். சேகவரை அங்கத்தட்டில் ஏற்றிய கை அது. வழக்கு வந்தால் சிறைக்குப் போவது நம் பிள்ளை.

எனவே கம்பெடுக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் காலடியோடு சேர்த்து இந்த வரலாற்றையும் சொல்லிக்கொடுப்போம். பயிற்சித் திடலுக்குப் பக்கத்திலேயே ஒரு படிப்பகமும் இருக்கட்டும். யாருக்காக என்ற கேள்விக்குப் பதில் தெரிந்த பிறகு கம்பு சுழலட்டும்.

ஜெய் பீம்.