உப்பிட்ட பானை

மீன் கரையைத் தொட்ட கணத்திலிருந்து அதற்கு ஒரு கெடு தொடங்கிவிடுகிறது. காலையில் பேசாலைக் கரையில் இறக்கப்பட்ட மீன், மன்னாரின் வெயிலில், மாலைக்குள் நாறிவிடும். வாங்க வருபவன் இதை நன்கறிவான். ஆகவே அவன் அவசரப்படுவதில்லை. வலை இழுத்தவனே அவசரப்பட வேண்டியவனாகிறான். கெடுவைத் தள்ளிப்போட அவன் கைக்கெட்டிய பொருள்கள் இரண்டே: வெயில், உப்பு. வெயிலுக்கு எந்த அரசும் வரி விதித்ததில்லை. உப்பின் கதை வேறு.

மன்னார் வரலாறு என்றதும் முத்துக்குளிப்பும், 1560இல் போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டையும், 1658இல் அதைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும் நினைவுக்கு வருகின்றனர். மீனவப் பெண்ணின் பானை எவர் நினைவுக்கும் வருவதில்லை. அந்தப் பானைக்குள் நடப்பது என்ன?

இலங்கையின் மேற்குக் கரையில், சிங்களவர் ஜாடி என்றழைக்கும் முறை ஒன்றுண்டு. மீனின் செவுளையும் குடலையும் நீக்கிக் கழுவ வேண்டும். மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு. வயிற்றினுள் கொறுக்காப்புளியை வைத்து, ஓர் அடுக்கு மீன், ஓர் அடுக்கு உப்பு என நிரப்பி, மேலே பலகையிட்டுக் கல்லேற்ற வேண்டும். ஒரு துளி நீரும் விடலாகாது. உப்பே மீனின் நீரை வெளியே இழுக்கும்; அந்நீரே எழுந்து மீனை மூடும். மூடாத துண்டு கெடும். முதன்முறை செய்பவர் மனம் பொறாமல் திறந்து திறந்து பார்ப்பர். அதற்காகத்தான் அவ்வளவு கனமான கல் போலும்!

ஆயிரக்கணக்கான கல் தொலைவில், ஜெர்மானியக் குடியானவப் பெண்ணும் இதே வேலையைச் செய்தாள். அவளுடையது கோவா. (அச்சொல்லையே நமக்குத் தந்தவர் போர்த்துக்கேயர்.) சீவிய கோவா நூறு பங்குக்கு இரண்டு, இரண்டரைப் பங்கு உப்பு, பிசைந்து, அழுத்தி, மேலே கல். இங்கும் நீர் தானாகவே ஊறியது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மீன் பானையில் மிகுந்த உப்பு கிருமிகளை அடக்குகிறது. புளிப்பைக் கொறுக்காய் தருகிறது. கோவாவிலோ உப்பு குறைவு. அதைத் தாங்கவல்ல நுண்ணுயிர்கள் பெருகித் தாமே புளிப்பை உண்டாக்குகின்றன. இவ்விளைவு உயிர்களின் வேலை என்பதை 1857இல்தான் லூயி பாஸ்தர் எடுத்துக்காட்டினார். பெண்களின் கைகள் அதைப் பல நூற்றாண்டுகளாகச் செய்துகொண்டிருந்தன.

1768இல் பசிபிக் நோக்கிப் புறப்பட்ட கப்டன் குக், 7,000 இறாத்தலுக்கும் மேற்பட்ட புளித்த கோவாவை ஏற்றிச் சென்றார். ஈறு அழுகி மாளும் நோயிலிருந்து மாலுமிகளைக் காப்பது நோக்கம். அவர்கள் அதைத் தொட மறுத்தனர். அதிகாரிகளின் மேசையில் நாள்தோறும் பரிமாறச் செய்தார். உடனே மாலுமிகளும் கேட்கத் தொடங்கினர். வர்க்கத்தின் வாசனை நாவையும் மாற்றவல்லது!

தன் கப்பல்களின் உணவு கெடாதிருக்க இவ்வளவு முயன்ற அதே பேரரசு, நம் கரையில் உப்பைப் பூட்டி வைத்தது. சென்னை மாகாணத்தில் 1805இல் உப்பு அரசின் ஏகபோகமாயிற்று. இலங்கையிலும் ஒல்லாந்தர் வழியைப் பிரித்தானியர் தொடர்ந்தனர். கண்ணெதிரே உப்பு விளைந்து வெண்மையாய்க் கிடக்க, அதை அள்ளுவது குற்றம். உப்புவரி மீன் உப்பிடும் தொழிலை நசுக்குவதை பிரான்சிஸ் டே என்ற அரசு அதிகாரியே 1873ஆம் ஆண்டு அறிக்கையில் எடுத்துரைத்தார். 1930 ஏப்ரலில் பாக்கு நீரிணையின் அக்கரையில், வேதாரணியத்தில், ராஜாஜியும் தொண்டர்களும் உப்பள்ளிய செய்தியை இக்கரை மீனவன் எப்படிக் கேட்டிருப்பான் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இதற்கிடையே உப்பிட்ட மீனுக்கு ஒரு பெருஞ்சந்தையும் உருவாகிவிட்டது. தமிழகத்திலிருந்து மலைத்தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட கூலிகள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். கொள்ளைநோயால் வழியிலேயே மாண்டோர் பலர். பிழைத்தோர் லயத்தில் சோற்றுக்குத் தொட்டுக்கொண்டது கருவாடு. தென்கன்னடக் கரையிலோ இலங்கைக்கென்றே மீனைப் புளியோடு உப்பிட்டுப் பீப்பாய்களில் அனுப்பினர். அம்முறைக்குக் கொழும்பின் பெயரே நிலைத்தது.

ஆனால் உப்பு கிடைத்தவுடன் மீனவன் விடுதலை பெற்றுவிடவில்லை. படகும் வலையும் சம்மாட்டியாருடையவை, முற்பணம் வியாபாரியுடையது. கடனில் பிடித்த மீன் பானைக்குள் போவதற்கு முன்பே விற்றுப்போன மீன். பின்னர் ஐஸ் வந்தது. ஐஸ் வைத்திருப்பவன் நல்ல மீனைக் கொழும்புக்குக் கொண்டுபோக, எஞ்சியதே உப்புக்கு வந்தது. போர் கடலையும் மூடியது. 1990இல் மன்னார் முஸ்லிம்கள் புலிகளால் விரட்டப்பட்டபோது, எருக்கலம்பிட்டி போன்ற ஊர்கள் வெறிச்சோடின.

2025இல், பருவம் தவறிய மழையால் உப்பளங்கள் கெட, நாற்புறமும் கடல் சூழ்ந்த இலங்கை இந்தியாவிலிருந்து உப்பை இறக்குமதி செய்தது. கடையில் உப்பின் விலை ஏறிற்று. மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு என்ற கணக்கு மட்டும் மாறவில்லை.